பின்வாசல் எந்தப் பக்கம் திறக்கும்

மகள் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். தட்டில் ஒரு முழு மீன், அதன் மேல் எலுமிச்சைத் துண்டு, ஓரத்தில் ஏதோ பச்சை இலை.

"எப்படிம்மா இருக்கு?"

நான் மீனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கலாக ஒரு சுவர் தெரிந்தது. சுவர் முடிகிற இடத்தில் கதவு மாதிரி ஒன்று. கதவா அலமாரியா என்று புரியவில்லை.

"கொஞ்சம் பெருசாக்கு."

"மீனையா?"

"பின்னாடி இருக்கிறதை."

அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா, ஆரம்பிச்சுட்டாங்க!"

அவர் முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டி, குதிகால் வெடிப்பில் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். சரக்குக் கிடங்கில் லோடு ஏற்றி இறக்குகிற உடம்பு. கிடங்குத் தரை குழி விழுந்துபோய், புதிதாக கான்கிரீட் போட ஒரு வாரம் மூடியிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் நீளமான லீவு அதுதான். நகரத்துக்குப் போய் மூன்று நாள் சுற்றிவிட்டு வருவோம் என்று மகள்தான் கிளப்பிவிட்டாள். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். அவள் வகுப்பில் நகரத்தைப் பார்க்காதவள் இவள் ஒருத்திதானாம்.

"ஹோட்டல் எல்லாம் இப்பவே புக் பண்ணிடணும்மா. லீவு சமயத்துல சும்மா போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"வாசல்ல நின்னா நல்லதுதானே" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

நான் தையல் கம்பெனியில் வேலை பார்த்தவள். காலர் தைக்கிற வரிசை. அந்தக் கட்டடத்துக்கு இரண்டு வாசல். பின்வாசலை எப்போதும் பூட்டிவைத்திருப்பார்கள், சாவி சூப்பர்வைசர் இடுப்பில் தொங்கும். துணி திருட்டுப் போகிறது என்று காரணம் சொன்னார்கள். முன்வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, சோதிக்க ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். வேலை முடிந்தால் வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, இரண்டு கையையும் தூக்கி, அவள் உடம்பைத் தடவிப் பார்த்த பிறகுதான் தெருவில் கால் வைக்கலாம். வந்த புதிதில் கூசும். பிறகு கை தானாகத் தூக்கிக்கொள்ளும்.

தீப்பிடித்த அன்று நாங்கள் செய்ததைச் சொன்னால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். இஸ்திரி போடுகிற பக்கத்திலிருந்து கரும்புகை வந்தது. எழுந்தோம், பையை எடுத்தோம், முன்வாசலில் போய் வரிசையில் நின்றோம். பையைத் திறந்து பிடித்தபடி நின்றோம். சோதிக்கிறவள் எப்போதோ ஓடிவிட்டிருந்தாள். வரிசையில் முதலில் நின்ற பெண் காலி ஸ்டூலுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து யாரோ கத்தித் தள்ளிய பிறகுதான் அவள் நகர்ந்தாள். முன்னால் இருந்தவர்கள் தெருவில் போய் விழுந்தார்கள். எங்கள் மேல் அதற்குள் புகை இறங்கிவிட்டது. வாசல் எந்தத் திசை என்று தெரியவில்லை. சிலர் பின்வாசலுக்கு ஓடினார்கள். அவர்கள் பூட்டை அடிக்கிற சத்தம் கேட்டது.

நான் கக்கூஸ் ஜன்னல் வழியாக வெளியே வந்தேன். என் காலைத் தோளில் வாங்கி என்னை மேலே தள்ளியவள் பக்கத்து மிஷின்காரி. பூசணி என்றுதான் கூப்பிடுவோம், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்த ஜன்னலில் நுழைகிற உடம்பு இல்லை அவளுக்கு. என்னைத் தள்ளும்போது அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மகளுக்கு அப்போது பால்பல் விழுகிற வயது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம்தான் உட்காருவேன். கல்யாணங்களில் வாசலில் நின்றே மொய் வைத்துவிட்டுத் திரும்புவேன். பத்திரிகை வைக்க வந்தவர்கள் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். நான் ஒன்றே ஒன்றுதான் நினைத்தேன்: இந்தப் பயம் என்னோடு போகட்டும். மகளுக்கு ஒட்டக்கூடாது. அவள் எந்தக் கூரைக்குக் கீழும் காலை நீட்டி உட்கார்ந்து வயிறார சாப்பிடுகிறவளாக இருக்க வேண்டும்.

அதனால்தான் நகரத்துக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். சாப்பிடுகிற இடங்களை நான் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"விசாரிக்கிறதுன்னா?" என்றாள் மகள்.

"போன் போட்டுக் குடு."

முதல் ஹோட்டலில் எடுத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"எத்தனை பேருங்க?"

"மூணு பேர். உங்க ஹோட்டல்ல பின்வாசல் இருக்கா?"

"என்னது?"

"பின்வாசல். இருந்தா எந்தப் பக்கம் திறக்கும்? உள்ளாறயா, வெளியவா? பூட்டி வெப்பீங்களா?"

"யாரும்மா நீ? ராத்திரிக்கு ஆள் அனுப்பப் போறியா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

அவர் களிம்புக் கையோடு தொடையில் தட்டிச் சிரித்தார். "உன்னைக் கொள்ளைக்கூட்டத் தலைவின்னு நெனைச்சுட்டான்டி!"

இரண்டாவது இடத்தில் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். ஜன்னல் ஓரமாக இடம் தரட்டுமா என்றாள். ஜன்னல் திறக்குமா என்றேன். ஏசி ஹால் மேடம், ஜன்னலைத் திறக்கவே முடியாது என்று பெருமையாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். மூன்றாவது இடம் நிலவறை மாதிரி, தரைக்குக் கீழே. படத்தைப் பார்த்தபோதே நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். மகள் கேட்காமலே அடுத்ததற்குத் தள்ளினாள்.

நான்காவது இடத்தில் முதலாளி இல்லை. சமையல்காரர் எடுத்தார். பின்னால் ஏதோ பொரிகிற சத்தம்.

"பின்வாசலா? இருக்கே. நாங்க சிகரெட் பிடிக்கிறதே அங்கதான்க்கா. பூட்டுறதாவது! அதுக்குக் கதவே சரியா சாத்தாது, செங்கல் வெச்சுத்தான் நிறுத்துறோம்."

"இதைப் புக் பண்ணு" என்றேன்.

"அம்மா, அதுக்கு ரெண்டு ஸ்டார்தான் போட்டிருக்காங்க. சோறு குழைஞ்சிருக்குன்னு எழுதியிருக்காங்க!"

"குழைஞ்ச சோறு தொண்டையில நிக்காது. புக் பண்ணு."

மகள் போனைத் தரையில் வைத்தாள். "நாம சாப்பிடப் போறோமா, தப்பிச்சு ஓடப் போறோமாம்மா?"

"ரெண்டும்தான்."

சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அலுத்துப்போயிருந்தாள். பெரியவர்களுக்கு வருகிற அலுப்பு அது. கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், ஒரு படத்தைக் காட்டினாள். நான்காவது மாடி. சுற்றிலும் கண்ணாடி. கீழே ஆறு முழுக்கத் தெரிகிறது, பாலங்கள் தெரிகின்றன. அவள் சிநேகிதி பிறந்தநாளுக்குப் போய்வந்து காட்டிய இடமாம்.

"ஒரே ஒரு வேளைம்மா. மத்ததெல்லாம் நீங்க சொல்ற இடம். இது மட்டும் எனக்காக. போன் போட்டுக் கேக்கக் கூடாது."

"சரி" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவா சொல்ற?"

"சரின்னுட்டேன்ல."

வாக்கைக் காப்பாற்றவில்லை. மகள் குளிக்கப் போன நேரத்தில் அவர் போனை வாங்கி அந்த இடத்தைக் கூப்பிட்டேன். எடுத்த பெண், எங்க கிட்ட எல்லா வசதியும் இருக்கு மேடம் என்றாள். பின்வாசல் என்றேன். எல்லா வசதியும் இருக்கு மேடம் என்றாள். கிளிப்பிள்ளையிடம் கேட்டிருக்கலாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பை அடுக்கும்போதும், ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த நான்காவது மாடி என் தலைக்கு மேலேயே நின்றது.

நகரத்தில் முதல் நாள் சமையல்காரர் கடைக்குப் போனோம். மூன்று பேர் என்று சொன்னதுமே அவர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"பின்வாசல் அக்கா நீங்கதானா? வாங்க, வந்து பாத்துக்கங்க. பொண்ணு பாக்க வந்த மாதிரி நல்லா திருப்பிப் பாத்துக்கங்க. அப்புறம் குறை சொல்லக் கூடாது."

செங்கல் இருந்தது. கதவு சந்தில் திறந்து கிடந்தது. சந்தின் முனையில் தெரு. சோறு குழைந்துதான் இருந்தது, இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் என் தட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஊருக்கே வந்துடலாம் போலிருக்கே" என்றார். மகளும் சிரித்தாள். அந்த ஒரு நாள் நாங்கள் மற்றவர்கள் மாதிரி இருந்தோம்.

அடுத்த நாள் மதியம் மகளின் ஹோட்டல். அவள் லிப்ட்டில் போனாள். நான் படியில் ஏறினேன். அவர் லிப்ட் கதவையும் என்னையும் பார்த்துவிட்டு என் பின்னாலேயே வந்தார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்து நின்றார்.

"முதுகுல மூட்டை இல்லாம ஏறிப் பழக்கமில்லடி. காலு எங்க போறதுன்னு தெரியாம தடுமாறுது."

படி குறுகல். இரண்டு பேர் ஒன்றாக இறங்கினால் தோள் இடிக்கும். நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

கண்ணாடி ஓரத்து மேசை. ஆறு தெரிந்தது. படகுகள் கழற்றிப்போட்ட செருப்புகள் மாதிரி சிதறிக்கிடந்தன. மகள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்து நானும் சிரித்தேன். சிரிப்பதாகத்தான் நினைத்தேன்.

"பல்வலியா?" என்றார் அவர் மெதுவாக.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். கை கழுவும் இடம் வலது பக்கம். நான் இடது பக்கம் போனேன். சமையலறையை ஒட்டி ஒரு நடை. நடையின் கடைசியில் கதவு. கதவின் கைப்பிடியில் சங்கிலி சுற்றி, முஷ்டி அளவுப் பூட்டு.

பக்கத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி. என் வயதில் ஒரு பெண் முழங்கை வரை நுரையோடு நின்றாள்.

"கை கழுவுறது அந்தப் பக்கம்மா."

"இந்தக் கதவு?"

"அது தொறக்காது."

"ஏன்?"

"இறைச்சி காணாமப் போகுதாம். நாங்க இந்த வழியா கொண்டு போறோமாம்." அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். தோல் வெளுத்து, நகக்கண்ணெல்லாம் புண். "இந்தக் கையால தொட்டா நாயும் திங்காது. இதுல இறைச்சி வேற."

"நீங்க எந்த வழியா போவீங்க?"

"முன்னாடிதான். சாப்பிட வந்தவங்க எல்லாம் போனப்புறம், பையைத் தொறந்து காட்டிட்டு."

சுவரைப் பிடித்தேன். சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே அடுப்பில் வாணலி ஒன்று பக்கென்று பற்றி எரிந்தது. சமையல்காரர் அதை ஆட்டினார், அடங்கியது. அவருக்கு அது தினமும் நடப்பது. எனக்கு வாய்க்குள் கரி ருசித்தது.

மேசைக்கு வந்தபோது சூப் வந்திருந்தது. கரண்டி என் பல்லில் மோதி டிக்டிக்கென்றது.

"போய்ப் பாத்துட்டு வந்துட்டீங்க, இல்ல?" என்றாள் மகள்.

"கை கழுவத்தான் போனேன்."

"கை காஞ்சிருக்கு."

நான் கரண்டியை வைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, ப்ளீஸ். எல்லாரும் உக்காந்து சாப்பிடுறாங்க பாருங்க. குழந்தைங்க எல்லாம் உக்காந்திருக்கு. இவங்க யாருக்கும் உயிர் மேல ஆசை இல்லையா?"

உட்கார்ந்திருக்க முயற்சி செய்தேன். சத்தியமாகச் செய்தேன். நாற்காலியின் அடிச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம்தான், மீன் வரும், தின்போம், இறங்கிவிடுவோம். அவர் மேசைக்குக் கீழே தன் காலை என் கால் மேல் வைத்து அழுத்தினார். அந்த நடையில் நுரைக்கையோடு நிற்பவள் நினைவுக்கு வந்தாள். நான் அரை மணி நேரத்தில் இறங்கிவிடுவேன். அவள் நாளைக்கும் அங்கேதான் நிற்பாள். அதை நினைத்ததும் கை தானாக விட்டுவிட்டது. எழுந்து நேராக மேனேஜரிடம் போனேன்.

அவர் கழுத்தில் டை, சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. தன்மையான ஆள்தான்.

"பின்வாசலைத் திறந்து வையுங்க சார்."

"மேடம், கெஸ்ட்டுக்கெல்லாம் முன்வாசல் இருக்கே. லிப்ட்டும் இருக்கு."

"உள்ள வேலை செய்யிறவங்களுக்கு?"

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆனதில்லை மேடம்."

"எங்க கம்பெனியிலயும் அதைத்தான் சொன்னாங்க."

என் குரல் எனக்கே தெரியாமல் உயர்ந்திருந்தது. அக்கம்பக்கத்து மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. மேனேஜர் சுற்றிப் பார்த்தார். என்னைச் சமாதானப்படுத்தி அனுப்பினால் போதும் என்று நினைத்திருப்பார். இழுப்பறையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார். "வாங்க மேடம், திறந்து காட்டுறேன். நிம்மதியா சாப்பிடுங்க."

முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது நுழைந்தது, திரும்பவில்லை. அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. இன்னொன்று. இன்னொன்று. கொத்தைத் திருப்பி முதலிலிருந்து ஆரம்பித்தார். சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. அவர் கழுத்து வேர்த்து காலர் ஈரமாகியிருந்தது.

"இதோட சாவி எங்க?" என்று சமையலறையைப் பார்த்துக் கேட்டார்.

"பழைய மேனேஜர் வெச்சிருந்தார் சார்" என்றார் சமையல்காரர்.

"அவர் போனப்புறம் யாரும் திறக்கலையா?"

பாத்திரம் கழுவுகிறவள் குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் அடுப்புகளின் சீறல் மட்டும் கேட்டது.

என் வீட்டுக்காரரும் மகளும் நடைக்கு வந்திருந்தார்கள். மகள் கன்னம் சிவந்திருந்தது. "அப்பா, கூட்டிட்டு வாங்கப்பா, எல்லாரும் பாக்கிறாங்க" என்று அவர் சட்டையை இழுத்தாள். அவர் நகரவில்லை. பூட்டைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார்.

"கம்பி ஏதாவது இருக்கா தம்பி?"

மேனேஜர் வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் தானே உள்ளே ஓடி, சாக்கடை மூடியைத் தூக்குகிற கடப்பாரையைக் கொண்டுவந்து கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதைச் சங்கிலிக்குள் விட்டு, காலை அகட்டி நின்று, ஒரு தம் பிடித்தார். மரத்திலிருந்து கைப்பிடி ஆணியோடு பிய்ந்து வந்தது. சங்கிலி தரையில் விழுந்தது.

மேனேஜர் கதவைத் தள்ளினார். வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, நின்றுவிட்டது. அவரும் தோளைக் கொடுத்தார். மூட்டை தூக்கிய தோள். இன்னும் ஒரு விரல் அளவு நகர்ந்தது. அதற்கு மேல் அசையவில்லை.

"என்ன தடுக்குது?" என்றாள் மகள்.

அவள் போன் விளக்கைப் போட்டுக்கொண்டு இடுக்கில் கண்ணை வைத்தாள். நான் அவளைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். அவள் உதறிவிட்டு இன்னும் நெருங்கினாள்.

"படிக்கட்டு தெரியலைம்மா" என்றாள். "நாற்காலி. எல்லாம் உடைஞ்ச நாற்காலி. அதுக்கு மேல அட்டைப்பெட்டி. கூரை வரைக்கும் இருக்கு." விளக்கைக் கீழே சாய்த்தாள். "கீழயும் அப்படித்தான். அடியில எதுவுமே தெரியலை."

அவள் திரும்பியபோது அந்தச் சிவப்பு போய் முகம் வெளுத்திருந்தது. போன் விளக்கை அணைக்க மறந்திருந்தாள். வெளிச்சம் அவள் கையோடு சேர்ந்து சுவரில் ஆடியது.

பாத்திரம் கழுவுகிறவள் கையைத் துடைத்தாள். ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டாள். "நான் கீழ நிக்கிறேன் சார். இதைக் காலி பண்ணிட்டுக் கூப்பிடுங்க." பையைத் திறந்து காட்டவில்லை. மேனேஜரும் கேட்கவில்லை. சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே ரப்பர் செருப்பு சப்சப்பென்று ஒலிக்க அவள் முன்வாசலுக்குப் போனாள். சமையல்காரர் ஒவ்வொரு அடுப்பாக அணைத்தார். பிறகு அவரும் போனார். மேனேஜர் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மேசையில் மீன் வந்து வைத்திருந்தது. மேலே எலுமிச்சைத் துண்டு. யாரும் உட்காரவில்லை. அவர் பைகளை எடுத்துக்கொண்டார்.

மகள் லிப்ட் பக்கம் திரும்பவே இல்லை. படிக்கு வந்தாள். என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் எலும்பில் அழுந்தியது. பயப்படாதே என்று சொல்ல வேண்டும். அம்மாக்காரி சொல்ல வேண்டிய பேச்சு அது. வாய் வரை வந்தது. ஆனால் என்ன தைரியத்தில் சொல்வது? பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

மூன்றாவது மாடியில் அவள் என் கையை விட்டுவிட்டு, அங்கிருந்த ஒரு கதவைத் தள்ளிப் பார்த்தாள். திறந்தது. இரண்டாவது மாடியிலும் தள்ளினாள். அது அசையவில்லை. இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள்.

"இது பூட்டியிருக்கும்மா" என்றாள்.

"தெரியும்" என்றேன். "இறங்கு. படியை விட்டு விலகாம இறங்கு. நான் பின்னாடியே வர்றேன்."

தெருவுக்கு வந்தும் அவள் நிற்கவில்லை. எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்த்தான் திரும்பி அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். நான்காவது மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை கண்ணாடியில் கையை வைத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவங்க கிட்ட யாராவது சொல்லியிருப்பாங்களாம்மா?"

அவர் பைகளைக் கீழே வைத்தார். யோசிக்கவில்லை. வந்த வழியே திரும்பி, படியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். மகள் அவர் பின்னால் ஓட ஓரடி எடுத்துவைத்தாள். நான் அவள் தோளை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். நானும்தான். யாருடைய நடுக்கம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி, அவர் இறங்கி வரும் வரை அப்படியே நின்றோம்.